சோளத்தில் இட்ட சுண்ணாம்பு

என் அகவையொத்த நண்பர்களே, இதனை எழுதாமலே விட்டுவிடுவது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் நம் பள்ளித் தோழியொருத்தி என்னைப் படூரில் புதிதாகத் திறந்த உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த குளிரூட்டிய கூடம். மெக்சிகோ நாட்டு டாக்கோ, அதாவது மக்காச்சோள அடையில் இறைச்சியோ மீனோ வைத்து மடித்துத் தின்னும் உணவு, அங்கே கிடைக்கிறது. ‘இக்கடற்கரையின் முதல் டாக்கோ’ என்று சுவரில் வண்ண எழுத்தில் எழுதியிருந்தார்கள். தோழி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுங்களுக்கு இன்னா தெரியும்? நம்ம சின்ன வயசுல ஒரு வெள்ளைக்காரன் இதே கடை போட்டான், ஊர ஏமாத்திட்டு ராவோட ராவா ஓடிப் பூட்டான். ஞாபகம் கீதா?”

கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டேன். அவர் வெள்ளையர் அல்லர். எவரையும் ஏமாற்றியவரும் அல்லர். அவர் ஓடவில்லை, பட்டப்பகலில், ஒரு கை வெந்து தோலுரிந்த நிலையில், லாரியின் பின்புறத்தில் கிடத்திக் கொண்டுபோகப்பட்டார். அதை நிகழ்த்திய பெரியவர்களில் பலர் இன்று இல்லை. நாமும் மறைந்தபின் ‘ஓடிப் போனான்’ என்பதே மெய்யாக நிலைத்துவிடும். ஆகவேதான் எழுத முற்பட்டேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதுப்பட்டினம் செல்லும் சாலைக்கும் உப்பங்கழிக்கும் இடையே என் தந்தையாருக்குக் கிளிஞ்சல் சூளை இருந்ததை நீங்கள் அறிவீர்கள். கழியில் வாரிய சிப்பிகளையும் கரியையும் அடுக்கடுக்காய்ப் பரப்பிச் சுடுவார்கள். வெந்த சிப்பி சாம்பல் வெண்மையில் உதிர்ந்து கிடக்கும். பார்வைக்குச் சாதுவான அப்பொடியில் ஒரு குவளை நீரை ஊற்றினால் போதும், அது சீறி எழுந்து கொதிக்கும். தீயே இல்லாமல் கொதிக்கும் அந்தக் காட்சி எனக்குச் சிறுவயதில் பேரச்சம் தந்தது. அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. அந்த டாக்கோக் கடை வருவதற்கு முந்தைய ஆண்டு, சூளையில் வேலை செய்தவர் ஒருவர், சுட்ட சிப்பியில் நீர் ஊற்றிச் சுண்ணாம்பாக்கும் நீற்றுத் தொட்டியருகே குனிந்தபோது சுண்ணம் தெறித்து அவரது இடக்கண் அவிந்துபோயிற்று. அவர் நிலத்தில் புரண்டு அலறிய ஓசை சாலை வரை கேட்டது. அன்றுமுதல் எங்கள் ஊரில் சுண்ணாம்பு என்றால் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு பொருள். சூளையில் வேறொரு பொருள்.

கோடையின் தொடக்கத்தில் மெக்சிகோக்காரர் வந்தார். மாமல்லபுரத்தில் தங்கும் அயல்நாட்டாரோடு வந்தவர் என்றார்கள்; கப்பலில் சமையற்காரராக இருந்தவர் என்றும் சொன்னார்கள். குட்டையான, அகன்ற மார்புடைய மனிதர். நிறம் ஏறத்தாழ நம் நிறம். எங்கள் சூளைக்கு வந்து, நீற்றி ஆறிய சுண்ணாம்பை நக நுனியால் எடுத்து நாவின் நுனியில் வைத்துப் பார்த்தார்.

“யோவ், நாக்கு வெந்து பூடும்யா!” என்று தந்தையார் பதறினார்.

அவர் கண்ணை மூடிச் சுவைத்தார். பிறகு தம் ஊரில் கிடைப்பதைவிட இது தூயது எனச் சைகையால் உணர்த்தினார். அன்றே ஒரு கூடை சுண்ணாம்பு வாங்கினார். ஒரு வாரத்தில் சூளையை ஒட்டிய எங்கள் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டுவிட்டார்.

செங்கற்பட்டுச் சந்தையில் மாட்டுத் தீவனமாக வந்திறங்கும் மக்காச்சோளமே அவருக்கு அரிசி. ஊர் அதைக் கண்டு சிரித்தது. அவர் செய்முறையை இங்கு நான் தெளிவாகக் கூறியாக வேண்டும்; பின்னர் நிகழ்ந்த யாவும் இதைப் பற்றியே. மாலையில் சோளத்தை நீரில் இட்டு, கையளவு சுண்ணாம்பு கரைத்து, தோல் கழலும்வரை வேகவைப்பார். இரவு முழுதும் அது ஊறும். விடிந்ததும் என் அத்தை, அதாவது தந்தையாரின் தங்கை, அதை மூன்று நீரில் அலசுவார். மஞ்சள் தோலும் சுண்ணாம்பும் நீரோடு போய்விடும். மணி மட்டும் பருத்து, மழமழவென்று நிற்கும். அதை அம்மியில் அரைத்தால் ஈரமண்ணையும் வறுகடலையையும் சேர்த்து முகர்ந்தாற்போன்ற ஒரு மணம் எழும். சுண்ணாம்பில் வேகாத சோளமாவு அடையாகச் சேராது, விண்டுபோகும். அவருடைய நாட்டில் இது பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தைய வழக்கம். நம் நாட்டில் வெல்லம் காய்ச்சுவோரும் பாகில் சுண்ணாம்பு சேர்ப்பதுண்டு என்பதைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த பின்னரே நான் அறிந்தேன்.

அத்தை கணவனால் கைவிடப்பட்டவர். எங்கள் வீட்டில் அவருக்குச் சோறு இருந்தது; பேச்சு இல்லை. கொட்டகையில் இருந்தது. அங்கேதான் அவர் வாய்விட்டுச் சிரித்ததை முதன்முதலாகக் கேட்டேன்.

அக்கடையின் வழக்கங்கள் எங்களுக்குப் புதியன. உட்கார இடமில்லை. நெடிய பலகை ஒன்று. அதன்முன் நின்றபடியே உண்ண வேண்டும். முழங்கையை உயர்த்தி, தலையைச் சாய்த்து, சாறு சட்டையில் சொட்டாமல் முன்னே குனிந்து கடிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடைகள். அவற்றின்மேல் பொரித்த சங்கரா மீன், வெங்காயம், கொத்துமல்லி. சிவப்பிலும் பச்சையிலுமாக இரண்டு துவையல்கள் பலகை நடுவே எல்லோர்க்கும் பொதுவாக இருக்கும். யாரும் அளவு கேட்பதில்லை. அடையைச் சுடுவது எண்ணெய்ப் பீப்பாயின் வட்ட மூடியில். அந்தத் தகட்டில் ஈ உட்கார்ந்தால் பொரிந்துவிடும்.

அவர் எவரையும் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். டாக்கோ விற்பவர் தம்மிடம் உண்ண வருவோர்க்கு உள்ளதைவிட உயர்ந்த பட்டமொன்றைச் சூட்டுவது அவர் நாட்டு மரபாம். நாள்தோறும் வரும் மீன்பிடிப் படகுக்காரர் ஒருவரை ‘ஜெனரல்’ என்றார். ஒற்றைக்கண் சூளையாள் ‘கவர்னர்’ ஆனார். அத்தை ‘ராணி’. பலகையின் மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் நான் ‘டீச்சர்’. என் தந்தையார் ‘முதலாளி’. நாள்தோறும் நான்கு டாக்கோ தின்னாமல் முதலாளி சூளைக்குத் திரும்பியதில்லை.

“இன்னா ஜெனரல், காரம் பத்துமா?” என்பார், எங்களிடம் கற்ற தமிழில்.

“இன்னும் ரெண்டு கரண்டி வுடுய்யா. எங்க வூட்டுல கொயந்த துன்ற காரம் இது” என்பார் படகுக்காரர்.

“அப்போ கண்ல இன்னா தண்ணி?”

“கடக்காத்து அண்ணாத்த. கடக்காத்து.”

பலகை முழுதும் சிரிப்பு அதிரும். படகுக்காரரின் கடைசி மகன், ஆறு வயதுப் பையன், தந்தையின் காலடியில் நின்று வெறும் அடையை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருப்பான்.

சாலையோரத் தேநீர்க் கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. அவர் கடையில் சூளையாட்கள் உள்ளே வரக்கூடாது. அவர்களுக்கான குவளைகள் வெளியே ஆணியில் தொங்கும். ஒருநாள் அவரும் டாக்கோவின் சுவை பார்க்க வந்தார். பலகையில் இடம் நெருக்கம். அவருக்கு வலப்புறம் ஒற்றைக்கண் சூளையாள் நின்றிருந்தார். இருவர் முழங்கைகளும் உரசின.

“இவனாண்ட நின்னுகினு நான் துன்னணுமா? எனக்குத் தனியா ஒரு பலகை போடு” என்றார் தேநீர்க் கடைக்காரர்.

“ஒரே பலகைதான் டாக்டர்” என்றார் மெக்சிகோக்காரர் சிரித்தபடி. “எங்க ஊர்ல ஜட்ஜும் நிப்பாரு. திருடனும் நிப்பாரு. பசி ஒண்ணு.”

தேநீர்க் கடைக்காரர் சூளையாளின் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். சூளையாள் தலைகுனிந்து நின்றார். அப்படி நின்று அவருக்குப் பழக்கம். மறுகணம் மெக்சிகோக்காரரின் மீன் வெட்டும் கத்தி பலகையில் இறங்கியது. தேநீர்க் கடைக்காரரின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், மரத்தைப் பிளந்துகொண்டு, அது நின்று அதிர்ந்தது. விரல்களில் கீறலும் இல்லை. அவர் முகம் வெளுத்தது, வேட்டி நனைந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் படகுக்காரர். பிறகு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கத்தியை அவர் மன்னித்திருக்கக்கூடும், அச்சிரிப்பை மன்னிக்கவில்லை.

அவ்வாண்டு மழை மிகுதி. கழி கரையை மீறி ஊருக்குள் ஏறியது. நான்கு நாள் முழங்கால் நீர். வடிந்தபின் ஊர்க்கிணற்றில் நீர் கலங்கலாய், ஒருவகை இனிப்பு வாடையோடு இருந்தது. மழைநீர்தானே என்று குடித்தோம். பத்து நாளில் வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். டாக்கோ தின்றவர்களும் விழுந்தார்கள், அந்தப் பக்கமே போகாத கிழவிகளும் விழுந்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள் என்பதை அன்று எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. எண்ணிப்பார்க்கக் கூடியவர்கள் நம் பெரியவர்கள் என்றே நாம் நம்பியிருந்தோம்.

படகுக்காரரின் கடைசி மகன் ஒரு காலையில் இறந்தான்.

அன்று உச்சிப்பொழுதில் அவர்கள் வந்தார்கள். இருபது பேர் இருக்கலாம். கையில் துடுப்பு, உலக்கை, தென்னைமட்டை. முன்னால் படகுக்காரர், மேல்சட்டை இல்லாமல், மகனைத் தூக்கியிருந்த ஈரம் மார்பில் காயாமல் வந்தார். அவருக்குப் பக்கத்தில் தேநீர்க் கடைக்காரர். அத்தை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். மெக்சிகோக்காரர் தகட்டில் அடை போட்டுக்கொண்டிருந்தார். நான் பலகையின் மூலையில் இருந்தேன். தந்தையார் சூளையிலிருந்து ஓடிவந்து என் பின்னால் நின்றார்.

“சோளத்துல சுண்ணாம்பு கலக்கறான்பா. கொடல வேக வெக்கறான். நான் அப்பவே சொன்னேன்” என்றார் தேநீர்க் கடைக்காரர்.

படகுக்காரர் என் தந்தையாரைப் பார்த்தார். “நீ தான இவனுக்கு சுண்ணாம்பு குடுத்த?”

தந்தையார் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “செவுத்துக்கு வெள்ளையடிக்கன்னு கேட்டாரு. குடுத்தேன். சோத்துல போட்டது எனக்கு எப்டித் தெரியும்?”

மெக்சிகோக்காரர் நிமிர்ந்தார். “முதலாளி?” என்றார். அந்த ஒரு சொல்தான். தந்தையார் அவரைப் பார்க்கவில்லை.

“இந்தப் பொண்ணு நாள் முச்சூடும் இங்கியே தான் குந்திகினு கீது. இத்தக் கேளு” என்றார் தேநீர்க் கடைக்காரர்.

படகுக்காரர் என் எதிரே குந்தினார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. குரல் மட்டும் மென்மையாக இருந்தது.

“பயப்படாத கண்ணு. நெசத்த சொல்லு. சோளத்துல சுண்ணாம்பு போடுவானா?”

என் தந்தையாரின் கை என் பிடரியில் இருந்தது. அது அழுத்தியதா, வெறுமனே இருந்ததா என்று ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

“ஆமாம், போடுவார்” என்றேன்.

சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியமும் வாயில் இருந்தது. இரவெல்லாம் ஊறும். அத்தை மூன்று நீரில் அலசுவார். சுண்ணாம்பு போய்விடும். அப்பாவுக்கு இது தெரியும். அப்பா நாள்தோறும் நான்கு தின்பார். எல்லாம் நாவின்மேல் வரிசையாக நின்றன. பொய் சொல்லக்கூடாது என்று கற்பித்திருந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. மெய் முழுவதையும் சொன்னால் தந்தையாரின்மேல் துடுப்பு இறங்கும் என்பது பத்து வயதுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் அடி மெக்சிகோக்காரரின் காதருகே விழுந்தது. துடுப்பின் அகன்ற பகுதி. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தாற்போன்ற ஓசை. அவர் விழவில்லை. பலகையைப் பிடித்தபடி, “ஜெனரல், ஜெனரல்” என்றார். உலக்கை முழங்காலில் இறங்கியதும் சரிந்தார். துவையற் கிண்ணங்கள் உடைந்தன. மிளகாய்ச் சாறும் குருதியும் மண்ணில் ஒன்றாகிவிட்டன. மட்டையால் அடித்தவர்கள் அலுத்துக் காலால் உதைத்தார்கள். அவர்களுள் நால்வர் முந்தைய நாள் அதே பலகையில் நின்று தின்றவர்கள். ஒருவர் மென்றுகொண்டிருந்த வெற்றிலையின் சுண்ணாம்பு உதட்டோரம் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. அதை அன்றே பார்த்தேன். பொருள் விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

“இந்தக் கையால தான கலந்த?” என்றார் தேநீர்க் கடைக்காரர்.

நான்கு பேர் மெக்சிகோக்காரரைத் தூக்கினார்கள். வலக்கையை விரித்துப் பழுத்திருந்த தகட்டில் வைத்து அழுத்தினார்கள். அடை வேகும்போது எழும் அதே சிறு சீறல் கேட்டது. பிறகு அவர் கத்தினார். அவர் மொழியில் என்ன சொன்னாரோ அறியேன். ‘தாய்’ என்பதற்கு நிகரான சொல் ஒன்று அதில் திரும்பத் திரும்ப வந்தது. படகுக்காரர் தடுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. துடுப்பை ஊன்றிக்கொண்டு மகனை இழந்த முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை வந்தது அப்போதுதான். மீன்கூடை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கொட்டகையின் பின்புறம் நீற்றாத சுண்ணம் கூடைகளில் இருந்தது. வெறுங்கையால் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். வியர்த்த உள்ளங்கையில் அது கொதித்திருக்க வேண்டும். விரல்களிடையே ஆவி எழுந்தது.

“கிட்ட வந்தவன் கண்ணு அவிஞ்சு பூடும். வா! எவன் வர்ற?”

அப்பொடி செய்யக்கூடியதை எல்லோரும் சூளையாளின் முகத்தில் அன்றாடம் கண்டவர்கள். பின்வாங்கினார்கள். தேநீர்க் கடைக்காரர் மட்டும், “பொம்பள இன்னா பண்ணுவா?” என்று ஓர் அடி வைத்தார். அத்தை வீசினார்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து உருண்டார். கூட்டம் சிதறியது. ஓடாமல் நின்றவர், அலறல் கேட்டுச் சூளையிலிருந்து வந்த ஒற்றைக்கண் சூளையாள் மட்டுமே. தண்ணீர்த் தொட்டியிலிருந்து குடம் குடமாக மொண்டு, தேநீர்க் கடைக்காரரின் தலையை மடியில் தாங்கி, இமையைப் பிளந்து, நீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். “தொறடா, தொற. எரியட்டும், தொற” என்று அதட்டினார். இரண்டில் ஒரு கண் பிழைத்தது. அந்தக் கண்ணால் அவர் மேலும் பல ஆண்டுகள் கடை நடத்தினார். குவளைகள் ஆணியிலேயே தொங்கின.

சிப்பி இறக்க வந்த லாரி சாலையில் நின்றிருந்தது. சூளையாளும் ஓட்டுநரும் மெக்சிகோக்காரரைத் தூக்கி, சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். செங்கற்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு. அத்தை கையைச் சேலையில் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறினார்.

“ஏறிட்டா திரும்ப இந்த வூட்டுப் படிய மிதிக்காத” என்றார் தந்தையார்.

அத்தை, ஒரு கீறலும் படாமல் நின்ற அவரைப் பார்த்தார். “நீ வித்தத நீ சொல்லலியே ண்ணா. நாலு நாலா துன்னியே, அத்தயாச்சும் சொன்னியா? உன் படி எனக்கு எதுக்கு?” பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னதை அவருக்கு எவரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அன்போடு. லாரி போயிற்று. அவர் திரும்பி வரவே இல்லை.

அடுத்த வாரம் சுகாதார ஆய்வாளர் வந்தார். அதற்குள் மேலும் இருவர் இறந்திருந்தார்கள். ஒருத்தி டாக்கோ எப்படியிருக்கும் என்றே அறியாத பிள்ளைத்தாய்ச்சி. கிணற்றை எட்டிப்பார்த்த ஆய்வாளர், “இந்தத் தண்ணியவா குடிச்சீங்க?” என்றார். கிணற்றில் மருந்துத்தூள் கொட்டினார். சுற்றிலும் தூவச் சுண்ணாம்பு கேட்டார். தந்தையார் தம் தலையிலேயே கூடையைச் சுமந்துசென்று கொடுத்தார். படகுக்காரர் தொலைவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் எங்கள் கொட்டகைக்கு வந்து, உடைந்த பலகையை நிமிர்த்தி, அதன்முன் நின்றார். நின்றுவிட்டுப் போனார். அவர் அதன்பின் எவரிடமும் சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. தந்தையாரும் நானும் அந்த நாளைப் பற்றி, அவர் இறக்கும்வரை, ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.

நான் தமிழ் பயின்று, சொற்களின் பொருளை ஆராய்ந்தே பிழைப்பு நடத்தினேன். மாணாக்கர்க்கு ‘வாய்மை’ என்னும் சொல்லை விளக்க நேர்ந்தபோதெல்லாம் என் பிடரி கனத்தது.

இவ்வளவும் என் நினைவிலிருந்து எழுதியது. நினைவு தவறக்கூடியது, ஆகவே அன்று அங்கிருந்தோரும், இருந்தோரின் மக்களும், பிழைகளைத் திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். வந்தவர்கள் இருபது பேர் என்றேன்; கூடவோ குறையவோ இருந்தால் எழுதுங்கள். கையைப் பிடித்து அழுத்திய நால்வர் யாவர் என்று அறிந்தவர்கள் எனக்கு மட்டுமேனும் தெரிவியுங்கள். வெந்தது வலக்கை என்றே நினைக்கிறேன். அக்கை ஆறியதா, அவர் பிழைத்தாரா, அத்தையை எவரேனும் பின்னர் எங்கேனும் கண்டீர்களா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் கூறினால் இக்குறிப்பின் அப்பகுதியை அழித்து எழுதுவேன்.

‘நீ சிறுமி, கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னாய்’ என்று திருத்த முன்வருவோர் இருப்பீர்கள். நல்லெண்ணத்தால் எழும் அத்திருத்தத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அந்தக் கொட்டகையில் அன்று மூன்று நீரைப் பற்றி அறிந்தவர்கள் மூவர். ஒருவரிடம் எவரும் கேட்கவில்லை. ஒருவர் பொய் சொன்னார். என்னிடம் கேட்டார்கள்.